கார் லோனும் அப்பாவோட பிசியோதெரபியும்

ஃப்ரிட்ஜ் மேல காந்தம் வச்சு ஒட்டியிருந்த கார் கொட்டேஷன் பேப்பர நேத்து ராத்திரி எடுத்து ஃபைலுக்குள்ள வச்சுட்டேன். நாலு மாசமா அது அங்கயே தொங்குச்சு, பால் எடுக்க போகும்போதெல்லாம் அது கண்ணுல படும், படும்போதெல்லாம் மனசுக்குள்ள ஒரு கூட்டல் கழித்தல் ஓடும். லோன் போட்டு கார் வாங்கலாமா வேண்டாமானு எங்க வீட்டுல நடந்த பேச்சு முழுசையும் எழுதி வைக்கணும்னு தோணுச்சு, இதே மாதிரி யோசிச்சிட்டு இருக்கிறவங்க நிறைய பேர் இருப்பீங்க.

எங்களுக்கு கோவில்பட்டி. நான் ஒரு தனியார் கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன், வீட்டம்மா பிரைவேட் ஸ்கூல் டீச்சர், ரெண்டு பேர் சம்பளமும் சேர்த்து மாசம் 55,000 ரூபா. அப்பா மில்லுல வேலை பாத்து ரிட்டயர் ஆனவங்க. போன வருசம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சு, பாளையங்கோட்டையில ஆபரேஷன் ஆச்சு. அதுக்கப்புறம் அப்பாவால பஸ் படி ஏற முடியாது, பைக்குல பின்னாடி கால தூக்கி போட முடியாது, ஆட்டோவுல கூட குனிஞ்சு உள்ள போறதுக்குள்ள முகம் சுருங்கிடும். அதனால எங்க போனாலும் ஸ்டாண்ட்ல நிக்கிற வாடகை கார் தான். கோவில்பட்டியில இருந்து பாளையங்கோட்டை போய் வெயிட்டிங் போட்டு திரும்பி வர 2,200 ரூபா.

அந்த நேரத்துல தான் எல்லாரும் ஒரே வார்த்தை சொன்னாங்க, பேசாம ஒரு கார வாங்கிரு, இப்ப வெல கொறைஞ்சிருக்குல்லனு. உண்மைதான், 2025 செப்டம்பர் 22ல இருந்து சின்ன காருக்கு ஜிஎஸ்டி 28ல இருந்து 18 சதவீதமா இறங்குச்சு, முன்னாடி அதுக்கு மேல செஸ்னு ஒரு கூடுதல் வரி வேற இருந்துச்சு, அதுவும் போச்சு. ஆபீஸ்ல கூட வேலை பாக்குற ரெண்டு பேர் அந்த ஒரு மாசத்துல கார் எடுத்தாங்க. நானும் ஒரு ஞாயித்துக்கிழம அப்பாவ கூட்டிட்டு ஷோரூம் போனேன். வேகன் ஆர் தான் மனசுல இருந்துச்சு, சீட் கொஞ்சம் உசரமா இருக்கிறதால குனியாம உக்காரலாம். அப்பா கைத்தடிய என்கிட்ட குடுத்துட்டு முன் சீட்ல பக்கவாட்டுல உக்காந்து ஒவ்வொரு காலா உள்ள எடுத்து வச்சாங்க, வச்சுட்டு டேஷ்போர்ட ஒரு தடவ தடவி பாத்தாங்க. ஒண்ணும் சொல்லல. ஆனா அந்த கை அந்த பிளாஸ்டிக் மேல போன விதத்த பாத்ததுமே நான் பாதி முடிவு எடுத்துட்டேன்னு தான் சொல்லணும்.

எக்ஸ் ஷோரூம் வெல அஞ்சரை லட்சத்துக்கு பக்கம். ஆனா ரோட்டுக்கு வரும்போது அது 6,60,000 ஆயிருது. நம்ம தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல ரோட் டாக்ஸ் ஏத்துனாங்க, 5 லட்சம் வரைக்கும் 12 சதவீதம், 5ல இருந்து 10 லட்சம் வரைக்கும் 13, அதுக்கு மேல 18, 20னு போகுது. அப்ப டாக்ஸ் மட்டும் எழுபதாயிரத்துக்கு மேல. இன்சூரன்ஸ், அதுலயும் புது காருக்கு தேர்ட் பார்ட்டி மூணு வருசத்துக்கு சேர்த்து கட்டியே ஆகணும். ரிஜிஸ்ட்ரேஷன், ஃபாஸ்டாக், மேட்டு, சீட் கவர். கடைசில ஹேண்ட்லிங் சார்ஜ்னு ஒரு வரி, அது எதுக்குனு கேட்டேன், சரியா பதில் வரல, கேட்டதுக்கு அப்புறம் அத எடுத்துட்டாங்க. கேட்டா எடுக்குறாங்க, கேக்காட்டி நம்ம கட்டுறோம், அதனால கொட்டேஷன்ல ஒவ்வொரு வரியும் வெரல் வச்சு கேளுங்க.

அடுத்தது லோன். ஷோரூம்லயே ஒரு மேஜையில ஃபைனான்ஸ் தம்பி உக்காந்திருந்தாரு, ரொம்ப மரியாதையா பேசுனாரு. 6.5 சதவீதம் தான் சார் வட்டி, பேங்க்ல போனா 9 சொல்லுவாங்க, நம்மகிட்ட டாக்குமெண்டும் கம்மினு சொன்னாரு. 5 லட்சம் லோன், 84 மாசம். எனக்கு தொழிலே கணக்கு, அதனால அங்கயே போன்ல போட்டு பாத்தேன். அவரு சொன்னது ஃப்ளாட் ரேட். அதாவது அஞ்சு லட்சத்துக்கும் ஏழு வருசம் முழுக்க வட்டி ஓடும், நம்ம அசல் கட்டி கட்டி கொறைச்சாலும் வட்டி கொறையாது. 5 லட்சத்துக்கு ஆறரை வட்டி வருசத்துக்கு 32,500, ஏழு வருசத்துக்கு 2,27,500. பேங்க்ல 9 சதவீதம்னா அது மிச்சம் இருக்கிற அசலுக்கு மட்டும், அதே ஏழு வருசத்துக்கு மொத்த வட்டி 1,75,700 பக்கம் தான் வருது. ஆறரைங்கிற வட்டி ஒம்போதுங்கிற வட்டிய விட 52,000 ரூபா அதிகம்! அந்த ஆறரைய பேங்க் கணக்குக்கு மாத்துனா 11 சதவீதத்த தாண்டுது. இது தெரியாம கையெழுத்து போடுறவங்க எத்தன பேர்னு நெனச்சா எனக்கு வயிறு எரியுது. வட்டி எவ்வளவுனு கேக்குறத விட, மாசம் எவ்வளவு, எத்தன மாசம், ரெண்டையும் பெருக்குனா எவ்வளவுனு கேளுங்க, அது ஒண்ணு போதும்.

பேங்க்லயும் போய் கேட்டேன். மேனேஜர் நல்ல மனுசர், பொறுமையா உக்கார வச்சு சொன்னாரு. 7 வருசம்னா மாசம் 8,044, 5 வருசம்னா 10,379, 3 வருசம்னா 15,900. முதல் மாசம் கட்டுற 8,044ல 3,750 வட்டிக்கே போயிரும். வீட்டுக்கு வந்து நான் இன்னொண்ணு போட்டு பாத்தேன், ஏழு வருச லோன்ல மூணு வருசம் ஒரு மாசம் தவறாம கட்டினா கூட இன்னும் 3,23,000 பாக்கி நிக்குது. இன்சூரன்ஸ்காரங்க கணக்குல மூணு வருசம் தாண்டின காருக்கு 40 சதவீதம் தேய்மானம், அப்ப அஞ்சரை லட்சம் கார் 3,30,000. மூணு வருசம் கட்டி முடிச்ச பிறகும் கார் மதிப்பும் கடனும் ஏறக்குறைய ஒண்ணு தான், நடுவுல முடியலனு வித்தா கையில ஒண்ணும் மிஞ்சாது.

அப்புறம் எங்க வீட்டு நெலம. இத எழுதவா வேண்டாமானு யோசிச்சேன், எழுதுறேன். அப்பா ஆபரேஷனுக்கு அம்மாவோட செயினையும் வீட்டம்மா வளையலையும் கூட்டுறவு பேங்க்ல வச்சு 1,40,000 வாங்கியிருக்கோம், அத திருப்புறதுக்குனு மாசம் 8,000 தனியா எடுத்து வைக்கிறோம். சீட்டு ஒண்ணு மாசம் 5,000, ஆவணியில முடியுது. பலசரக்கு, பால், கரண்ட், கேஸ் எல்லாம் 24,000. பாப்பா ஸ்கூல் ஃபீஸ் சராசரி 5,000. அப்பா அம்மா மாத்திரை 4,500. பைக் பெட்ரோல் 2,500. எல்லாம் போக மிச்சம் 6,000. அவசரத்துக்குனு ஒரு லட்சம் எஃப்டி இருக்கு, அவ்வளவு தான்.

முன்பணம் 1,60,000 கட்டணும்னா அந்த எஃப்டிய ஒடைச்சு, மேல ஒரு 60,000. தங்கச்சி வீட்டு மாப்பிள்ள கைமாத்தா தாரேன், எப்ப முடியுதோ அப்ப குடுங்கன்னாரு. நல்ல மனசு தான், ஆனா தங்கச்சி வீட்டுல கடன் வாங்கினா அடுத்த பொங்கலுக்கு சீர் கொண்டு போகும்போது என் தல நிமிருமா? அதுவும் போக நகைக் கடன், கார் கடன், கைமாத்து, மூணு கடன், கையில ஒத்த ரூபா சேமிப்பு இல்ல, வீட்டுல இடுப்பு ஆபரேஷன் ஆன ஒரு பெரியவரு. இப்படி எழுதி பாக்கும்போது தெளிவா தெரியுது. ஷோரூம்ல உக்காந்திருந்தப்ப தெரியல.

வீட்டம்மா தான் ஒரு யோசனை சொன்னா. ஏங்க, நமக்கு நெசமாவே கார் எத்தன நாள் வேணும்னு எழுதி பாப்போமே, எழுதுனா தெரிஞ்சிருமேன்னா. சமையக்கட்டு செவத்துல தொங்குற மாச காலண்டர்ல கார் எடுத்த நாளெல்லாம் சிவப்பு பேனால சுழிச்சு பக்கத்துல ரூபாய எழுத ஆரம்பிச்சா. நாலு மாசம் எழுதுனா. மொத்தம் 14 தடவ. பாளையங்கோட்டை 7 தடவ, 15,400. சங்கரன்கோவில் அவ அம்மா வீட்டுக்கு ரெண்டு தடவ, 2,800. எட்டயபுரத்துல ஒரு கல்யாணம், 900. மத்த நாலும் உள்ளூர், 2,300. ஆக 21,400, மாசத்துக்கு 5,350. சொந்த கார்னா அஞ்சு வருச லோன் இஎம்ஐ 10,379, பெட்ரோல் ஒரு ரெண்டாயிரம், இன்சூரன்ஸ் சர்வீஸ் டயர்னு மாசத்துக்கு பிரிச்சா ஒரு ரெண்டாயிரம், 14,400 பக்கம் வந்துரும். மாசம் ஒம்போதாயிரம் வித்தியாசம். சரி, வேண்டாம், முடிஞ்சு போச்சுனு நான் கணக்க மூடிட்டேன்.

அடுத்த வாரம், பாளையங்கோட்டையில அப்பாவுக்கு பிசியோ பாக்குற தம்பி போன் பண்ணாரு. சார், அப்பா ஏன் வரமாட்டேங்கிறாங்க, 12 தடவ வரச் சொன்னோம், அஞ்சு தடவ தான வந்திருக்காங்கன்னாரு. எனக்கு தூக்கி வாரிப் போட்டுச்சு. அப்பா என்கிட்ட முடிஞ்சிருச்சுன்னு சொல்லியிருந்தாங்க. வலி இல்ல, டாக்டரே போதும்னுட்டாரு, வீட்டுலயே நடந்தா சரியாயிரும்னு. நான் நம்பிட்டேன். கோவில்பட்டியிலயே பிசியோ பாக்குறவங்க இருக்காங்க, ஆனா ஆபரேஷன் பண்ண டாக்டர் அந்த தம்பிகிட்டயே தான் பாக்கணும், முட்டிய எவ்வளவு மடக்கலாம் எவ்வளவு வெயிட் போடலாம்னு அவருக்கு தான் தெரியும்னு சொல்லி இருந்தாரு.

சாயங்காலம் அப்பா பக்கத்துல போய் உக்காந்து கேட்டேன். திண்ணையில உக்காந்து கால நீட்டி முட்டிய தடவிட்டு இருந்தாங்க. கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் சொன்னாங்க, "ஏய்யா, ஒரு தடவ போய்ட்டு வந்தா ரெண்டாயிரத்து இருநூறு. ஒரு மூட்ட அரிசிக்கு மேல. அத இந்த வயசானவன் காலுக்காக வாரா வாரம் ரோட்டுல கரைக்கணுமா? உன் பொண்டாட்டி அந்த காலண்டர்ல ரூபாய எழுதுறத நான் பாத்துக்கிட்டு தான இருக்கேன்."

காலண்டர்ல நாங்க கார் எடுத்த நாள மட்டும் தான் எழுதியிருந்தோம். எடுக்காத நாள யாரும் எழுதல. போகணும்னு நெனச்சு போகாம விட்ட நாளெல்லாம் அந்த கணக்குலயே வரல. அன்னிக்கு ராத்திரி அம்மாகிட்டயும் கேட்டேன், உங்களுக்கு எங்கயாவது போகணும்னு இருந்துச்சாம்மானு. ஒண்ணுமில்லய்யான்னாங்க, ரெண்டு மூணு தடவ கேட்டதுக்கு அப்புறம், கழுகுமல போய் ரெண்டு வருசம் ஆச்சு, பங்குனி உத்திரத்துக்கு கூட போகல, அப்பாவ தனியா விட்டுட்டு எப்படி போகன்னாங்க. கோவில்பட்டியில இருந்து கழுகுமல 20 கிலோமீட்டர் தான்யா. எங்கம்மா கல்யாணம் ஆகி வந்ததுல இருந்து வருசம் தவறாம போன கோயில்.

அப்ப மறுபடியும் கொட்டேஷன எடுத்தேன். வாங்கிரலாம், என்ன ஆனா என்ன, ஏழு வருசம் கட்டிட்டு போறேன்னு. அந்த ராத்திரி நான் இருந்த மனநெலையில யாராவது பேப்பர் நீட்டியிருந்தா கையெழுத்து போட்டிருப்பேன், ஃப்ளாட் ரேட்டா இருந்தாலும் போட்டிருப்பேன். கடன் வாங்குற நேரம் எதுன்னு நம்ம தான் பாத்துக்கணும், மனசு கலங்கி இருக்கிற ராத்திரியில இஎம்ஐ ரொம்ப சின்னதா தெரியும்.

காலையில வீட்டம்மா காபி குடுத்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டா. கார் வாங்குனா அப்பாவ பாளையங்கோட்டைக்கு யாரு ஓட்டிட்டு போவா? பிசியோ நேரம் காலையில 11 மணி, செவ்வாய்க்கிழம. நான் ஆபீஸ்ல. அவ ஸ்கூல்ல, அவளுக்கு ஓட்டவும் தெரியாது. வாரா வாரம் நான் லீவு போட முடியுமா? போட்டா சம்பளம் பிடிப்பாங்க. நாலு மாசமா லட்சக்கணக்குல கூட்டி கழிச்ச எனக்கு இது ஒண்ணு தோணவே இல்ல. அப்பாவுக்கு தேவ காரும் அத ஓட்ட ஒரு ஆளும், கூடவே எறங்கும்போது கை குடுக்க ஒரு ஆளும். ஸ்டாண்ட் டிரைவர் அண்ணாச்சி இது எல்லாத்தையும் இத்தன நாளா செஞ்சுட்டு தான் இருந்தாரு. ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்திட்டு, கதவ முழுசா தொறந்து, அப்பா தோள பிடிச்சு நிமித்தி, கைத்தடிய கையில குடுத்துட்டு தான் வண்டிய ஓரமா விட போவாரு. நானே அப்படி பொறுமையா செய்வேனானு தெரியல.

அன்னிக்கு சாயங்காலமே ஸ்டாண்டுக்கு போய் அண்ணாச்சிகிட்ட பேசுனேன். மாசம் நாலு செவ்வாய்க்கிழம உறுதியா வரும், மொத்தமா மாச ஆரம்பத்துலயே குடுத்துடுறேன், என்ன போடுவீங்கன்னு கேட்டேன். அவரு வெத்தலைய ஒதுக்கிட்டு கொஞ்சம் யோசிச்சு, நாலும் நிச்சயம்னா ட்ரிப்புக்கு 1,800 குடுங்க சார், நானும் அந்த நாளுக்கு வேற சவாரி பாக்காம இருப்பேன்லன்னாரு. 7,200. மேல 800 சேர்த்து 8,000 குடுத்தேன், அது மத்த எடத்துக்கு போறதுக்கு. எங்க மிச்சம் 6,000 தான, மீதி 2,000 எங்கன்னு நெனக்கிறப்ப அப்பாவே, என் பென்ஷன்ல இருந்து எடுத்துக்கன்னாங்க. வேண்டாம்னேன், கேக்கல. வாங்கிக்கிட்டேன், அது அவங்களுக்கு ஒரு கௌரவம்.

பாத்தீங்கன்னா 8,000ங்கிறது ஏழு வருச லோன் இஎம்ஐக்கு 44 ரூபா தான் கம்மி. ஆனா இதுல பெட்ரோல் இருக்கு, கயத்தாறு பக்கம் கட்டுற டோல் இருக்கு, டிரைவர் இருக்காரு, கால் சரியான அடுத்த மாசம் நிறுத்திக்கலாம். 84 மாசம் கட்டணும்னு இல்ல.

எனக்கு ஆச்சரியமா இருந்தது அப்பா தான். முன்கூட்டியே காசு குடுத்தாச்சுனு சொன்னதுல இருந்து ஒரு செவ்வாய்க்கிழம கூட தவறல. காலையில ஒம்போது மணிக்கே சட்ட போட்டு திண்ணையில உக்காந்துடுறாங்க. ஒவ்வொரு தடவயும் பையில இருந்து 2,200 எடுத்து குடுக்குறத கண்ணால பாக்குறது தான் அவங்கள தடுத்திருக்கு. போகாம இருந்தா தான் காசு வீண்ங்கிற நெலம வந்ததும் மாறிட்டாங்க. காலண்டர்ல ரூபா எழுதுறதயும் வீட்டம்மா நிறுத்திட்டா, இப்ப அப்பா எவ்வளவு தூரம் கைத்தடி இல்லாம நடந்தாங்கனு தான் எழுதுறா. போன செவ்வாய்க்கு பக்கத்துல 35 அடினு இருக்கு.

கார் ஆச போயிருச்சானு கேட்டா, போகல. பாப்பாவ கூட்டிட்டு மழையில நனையாம போகணும், அம்மாவ திருச்செந்தூர் கூட்டிட்டு போகணும், இருக்கு. ஆவணியில சீட்டு பணம் வந்ததும் முதல்ல நகைய திருப்பணும், ரெண்டு பெண்களோட நகை பேங்க்ல இருக்கும்போது வாசல்ல புது கார் நிக்கிறத என்னால பாக்க முடியாது. நகை வந்துட்டா சீட்டு 5,000, நகைக்கு எடுத்து வைக்கிற 8,000, ரெண்டும் மிச்சம் ஆகும். அந்த பணத்த ஒரு ஆர்டியில போட்டு ஒன்றரை வருசம் இஎம்ஐ மாதிரியே கட்டிப் பாக்கப் போறேன். மாசா மாசம் முடியுதா, நடுவுல ஒடைக்க வேண்டி வருதானு தெரிஞ்சிரும், முன்பணத்துக்கும் ஒரு தொகை சேர்ந்துரும். அதுக்கப்புறம் 3 லட்சத்துக்கு மேல வாங்குறதில்ல, நாலு வருசத்துக்கு மேல இழுக்குறதில்லனு ரெண்டு பேரும் பேசி வச்சிருக்கோம். 9 சதவீதம்னா மாசம் 7,465, மொத்த வட்டி 58,000 சொச்சம். இன்னொண்ணு, அந்த பேங்க் மேனேஜர் சொன்னது: 2026 ஜனவரி 1ல இருந்து குடுக்குற ஃப்ளோட்டிங் ரேட் லோன, அதாவது வட்டி நடுவுல ஏறி எறங்குற லோன, தனி ஆளுங்க சொந்த தேவைக்கு வாங்கியிருந்தா, முன்னாடியே அடைச்சாலும் பேங்க் அபராதம் போடக்கூடாதுனு ரிசர்வ் பேங்க் சொல்லிருச்சு. கார் லோன வட்டி மாறாத ஃபிக்ஸட் ரேட்லயும் குடுக்குறாங்க, அதனால எது ஃப்ளோட்டிங், எது ஃபிக்ஸட்னு கேட்டு வாங்குங்க. லோன் முடிஞ்சா, பாக்கி இல்லனு பேங்க் குடுக்குற என்ஓசியும் ஃபார்ம் 35ம் வாங்கி ஆர்டிஓ ஆபீஸ்ல ஆர்சியில இருக்கிற பேங்க் பேர எடுத்துரணும், என் கூட வேலை பாக்குறவரு அத அப்படியே விட்டு, கார விக்கும்போது ரெண்டு மாசம் அலைஞ்சாரு.

இந்த வெள்ளிக்கிழம அந்த 800 ரூபாய்க்கு அண்ணாச்சி கழுகுமல கூட்டிட்டு போறேன்னு சொல்லியிருக்காரு. அப்பாவும் கூட போறாங்க, படி ஏற முடியாது, கீழ வண்டியிலயே உக்காந்திருக்கேன், நீ போய் நிம்மதியா கும்பிட்டு வான்னு அம்மாகிட்ட சொல்லிட்டாங்க. அம்மா நேத்தே தேங்கா பழம் வாங்கி வச்சுட்டு, காலண்டர்ல வெள்ளிக்கிழமைய அவங்களே தேடி, பேனாவ கேட்டு வாங்கி, கொஞ்சம் கோணலா ஒரு வட்டம் போட்டு வச்சிருக்காங்க.